வாசகர் கேள்விகள்: அப்பாவின் காலுக்கு ஏ.ஐ. ரிப்போர்ட் தேவையா?

போன இதழில் 'வயதோடு சதையும் கரையும்' என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன், அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. சரி, இந்த முறை முழுக்கச் சதைதான். மூட்டுவலி, குதிகால்வலி கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. எடை பத்து வருஷமாக 64 கிலோவிலேயே நிற்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டினால் கால் குச்சி மாதிரி தெரிகிறது, பஸ்ஸில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன இடத்தில், 'தொடையையும் சேர்த்து எடுத்தால் ஏ.ஐ. தசை ரிப்போர்ட் தருவோம், அதற்குத் தனிக் கட்டணம்' என்றார்கள். எடுக்கலாமா?
வாசகி, திருப்பாப்புலியூர்

பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கைப்பிடி இல்லாத, ஆடாத ஒரு மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அப்பா இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை முழுசாக எழுந்து முழுசாக உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு செல்போனில் நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், அல்லது மூன்றாவது தடவையிலேயே கை தொடையை ஊன்றப் போனால், கால் வலு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு டாக்டரிடம் போகலாம். 12 என்பது என் கணக்கு இல்லை, ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-இல் வைத்த அளவு. கையால் இறுக்கிப் பிடிக்கும் வலுவுக்கு அதே குழு ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என்று கோடு போட்டது. அதைப் பார்க்க ஒரு சின்னக் கருவி வேண்டும், பிசியோதெரபி செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே, பெண்களுக்கு 33-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும், இதற்குத் தையல்காரர் டேப் போதும். ஜப்பானில் டேப்பும் இல்லாமல் பார்க்கிறார்கள்: இரண்டு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் தடித்த இடத்தில் போட்டுப் பார்ப்பது. வளையம் தொளதொளவென்று நின்றால் சதை குறைவு. (கால் வீக்கம் இருப்பவர்களை இது ஏமாற்றிவிடும், டேப்பும்தான்.)

எடை மாறவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சதை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். நம் நாட்டுக்காரர்களுக்கு இது கூடுதல் தொல்லை. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். உயரத்துக்கு எடை இரண்டு பேருக்கும் ஒரே அளவு, பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கே தசைதான், அதனால் சதை வற்றினால் அப்பாவின் சர்க்கரைக் கணக்கும் சேர்ந்து கெடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்கு இந்தத் தனி ரிப்போர்ட் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஆனால் முதுகு ஸ்கேன் எடுத்துவிட்டீர்கள் அல்லவா, அதிலேயே உங்களுக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் தசைகள் அப்படியே விழும். நல்ல தசை கறுப்பாக, திண்ணென்று இருக்கும். கொழுப்பு புகுந்த தசையில் வெள்ளை வெள்ளையாகக் கீற்று ஓடும், கறிக்கடையில் கொழுப்பு ஓடிய துண்டு பார்த்திருப்பீர்களே, அது மாதிரி. 'அந்தத் தசைகள் எப்படி இருக்கின்றன என்று ஒரு வரி எழுதித் தர முடியுமா' என்று ரேடியாலஜிஸ்ட்டை, அதாவது ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரை, கேளுங்கள். படம் ஏற்கெனவே எடுத்ததுதான், பார்த்துச் சொல்வதுதான் பாக்கி. இன்னொன்று, இதுதான் முக்கியம்: முதுகுவலியும் கால் மெலிவும் சேர்ந்து வந்தால் வயதால் வந்த மெலிவு என்று தள்ளிவிடக் கூடாது, இடுப்பில் நரம்பு அழுந்தினாலும் கால் இப்படி வற்றும். ஒரு கால் மட்டும் அதிகமாக மெலிந்திருக்கிறதா, செருப்பு தானாகக் கழன்று போகிறதா என்று பாருங்கள். இருந்தால் இதே வாரம் டாக்டர்.

தொடை எம்.ஆர்.ஐ.க்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பரம்பரைத் தசைநோய் சந்தேகம், தசை அழற்சி, எந்த இடத்தில் ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுப்பது என்று தீர்மானிப்பது, இதற்கெல்லாம் அது நன்றாக உதவும். அதை எழுதிக் கொடுப்பது நரம்பியல் டாக்டர், கவுன்ட்டரில் இருக்கும் பையன் இல்லை.

எம்.ஆர்.ஐ. எப்படித் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டுகிறது? ஏ.ஐ. அதில் என்ன செய்கிறது? வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள், எனக்கே தெரியவில்லை.
இயற்பியல் ஆசிரியர், வில்லியனூர்

'எனக்கே தெரியவில்லை' என்று எழுதிய ஆசிரியருக்கு முதலில் ஒரு வணக்கம். ஒருநாள் விடிகாலை நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள், ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், நிம்மதியாகப் பார்க்கலாம். காந்தி சிலையிலிருந்து இரண்டு நண்பர்கள் ஒன்றாகக் கிளம்புகிறார்கள், இடது, வலது, இடது, வலது, ஒரே தாளம். ஆனால் ஒருவருடைய நடை ஒரு பொட்டு மெதுவு. கொஞ்ச தூரம் போனதும் இவர் இடதுகால் வைக்கும்போது அவர் வலதுகால் வைப்பார். இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி கால் சேர்ந்துவிடும். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனும் கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜனும் காந்தத்துக்குள் இப்படித்தான். 1.5 டெஸ்லா (காந்த வலுவின் அலகு) மெஷினில் இரண்டும் விநாடிக்கு ஏறக்குறைய 6.4 கோடி முறை சுழலும், கொழுப்பு அதில் வெறும் 220 முறைதான் பின்தங்கும். அந்த 220 போதும். கிளம்பிச் சுமார் 2.3 மில்லி விநாடியில் இரண்டும் எதிரெதிர், 4.6-இல் மறுபடி ஜோடி.

ஜோடியாக இருக்கும்போது எடுத்த படத்தில் தண்ணீரும் கொழுப்பும் கூடி வரும். எதிரெதிரே இருக்கும்போது எடுத்ததில் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து வரும். இரண்டு படத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் தண்ணீர் மட்டும், கழித்துப் பாதியாக்கினால் கொழுப்பு மட்டும். உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு! 1984-இல் டிக்சன் என்பவர் வெளியிட்ட முறை இது, இன்றைக்கும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால், தண்ணீர்ப் படத்தில் தசை பளிச்சென்று தெரியும், அதற்குள் எவ்வளவு கொழுப்பு கலந்திருக்கிறது என்பது சதவீதமாகவே வந்துவிடும். கதிர்வீச்சும் கிடையாது.

இனி ஏ.ஐ. படத்தில் தொடை தெரிகிறது, சரி. அதில் எது முன்தொடைத் தசை, எது பின்தொடை, எங்கே முடிந்து எங்கே அடுத்தது ஆரம்பிக்கிறது என்று யாராவது கோடு போட வேண்டும். ஒரு ஆளுக்கு நூற்றுக்கணக்கில் படங்கள். கையால் போட்டால் மணிக்கணக்கில் ஆகும், சாயங்காலம் போட்ட கோடு காலையில் போட்டது மாதிரி இருக்காது. 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்துக்காரர்கள் யூ-நெட் என்ற ஏ.ஐ. நிரலைக் கொண்டுவந்தார்கள். மனிதர்கள் கோடு போட்ட படங்களைக் காட்டிப் பழக்கினால், அடுத்த படத்துக்கு அதுவே கோடு போடும். அதன் வாரிசுகள்தான் இன்றைய தசை மென்பொருள்களில் பலவும். பிரிட்டனில் பயோபேங்க் என்ற பெரிய ஆய்வில் ஒரு லட்சம் பேரை ஸ்கேன் எடுத்து 2025-இல் முடித்தார்கள். கழுத்திலிருந்து முட்டி வரை டிக்சன் படம் எடுக்க ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் ஒரு லட்சம் பேருக்குக் கையால் கோடு போட எந்த ஊரில் ஆள் இருக்கிறது?

பிள்ளைகளுக்கு ஒரு கொசுறு. கடற்கரை நண்பர்களில் யார் யார் என்று கணினி சில சமயம் குழம்பிவிடும். அப்போது கொழுப்பைத் தண்ணீர் என்றும் தண்ணீரைக் கொழுப்பு என்றும் மாற்றி எழுதும், ஒரு தொடை முழுக்கக் கொழுப்பாகிவிட்டது போல ரிப்போர்ட் வரும். படத்தைப் பார்க்கும் மனிதக் கண்ணுக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அப்படியானால் ரேடியாலஜிஸ்ட் வேலை போய்விடுமா? மகள் அந்தப் படிப்புக்குப் போக ஆசைப்படுகிறாள்.
வாசகர், முதலியார்பேட்டை

படிக்கட்டும். மேலே கடைசிப் பத்தியைக் காட்டுங்கள்.

என் தசை ரிப்போர்ட்டில் 'வலது தொடை கொழுப்பு 13 சதவீதம், இடது தொடை 19 சதவீதம், தசை வயது 68' என்று இருக்கிறது. என் வயது 59. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
வாசகர், நெய்வேலி

முதலில் தூங்குங்கள், தூக்கமில்லாவிட்டாலும் தசை கெடும்!

'தசை வயது' என்பது மருத்துவ அளவு அல்ல. யாரோ சில ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தி, நீங்கள் யார் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்வதுதான் அது. வரிசையில் நின்றவர்கள் யார் என்று கேட்டீர்களா? நான் மேலே சொன்ன பயோபேங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சேர்ந்தவர்கள் மிகப் பெரும்பாலும் வெள்ளையர்கள், சேரும்போது வயது 40 முதல் 69, தானாக முன்வந்தவர்கள் என்பதால் ஊரில் சராசரி ஆளைவிட ஆரோக்கியமானவர்கள். அவர்கள் பக்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்த நெய்வேலிக்காரரை நிறுத்தி வயது சொன்னால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? உங்கள் ரிப்போர்ட்டில் யாரோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் 68 என்ற எண்ணை அடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

மற்றதில் எனக்கு 13 பெரிதாகப் படவில்லை, 19-உம் படவில்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 6 தான் உறுத்துகிறது. வயது, பரம்பரை, சாப்பாடு எல்லாம் இரண்டு காலுக்கும் பொதுதானே? அப்புறம் இடது மட்டும் ஏன்? பழைய எலும்பு முறிவு, முட்டி ஆபரேஷன், இடது பக்கம் இறங்கும் நரம்புவலி, சின்ன வயதில் போலியோ, இதில் ஏதாவது இருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். இடுப்பு மூட்டு மாற்றியிருந்தாலோ எலும்பில் கம்பி இருந்தாலோ அந்த உலோகம் படத்தைத் தின்றுவிடும், ஏ.ஐ. ஓட்டையில் கோடு போட்டிருக்கலாம். ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், கோடு போட்ட படங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எண்ணை மட்டும் கொடுத்துப் படம் தராத இடம் என்றால் அந்த ரிப்போர்ட்டை நான் நம்பமாட்டேன்.

அதோடு, ஒரே ஒரு தடவை எடுத்த எண் பாதிச் செய்திதான். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அதே மெஷின், அதே முறையில் எடுத்து ஒப்பிட்டால்தான் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். வேறு இடத்தில் எடுத்து ஒப்பிடாதீர்கள்.

ஸ்கேனுக்குத் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். தங்கம் காந்தத்தில் ஒட்டாதே? மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.
வாசகி, நெல்லிக்குப்பம்

ஒட்டாது, நீங்கள் சொல்வது சரி. ஆபத்து தாலியில் இல்லை, தாலிக்கொடியில் கோத்துவைத்திருக்கிறீர்களே ஊக்கு, அவசரத்துக்கு ஆகட்டும் என்று மூன்று நான்கு, அதில் இருக்கிறது. அது இரும்பு, காந்தத்தின் வாயில் அம்பு மாதிரி பாயும். அந்தக் காந்தம் ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் அணைவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தங்கமோ வெள்ளியோ பறக்காது, ஆனால் சூடாகலாம், பக்கத்தில் இருக்கும் இடத்தின் படத்தைக் கெடுக்கலாம், அதனால்தான் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டு உள்ளே போகிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மாமியார்களும் அதற்குச் சம்மதிக்கிறார்கள்.

கழற்ற முடியாத மெட்டி, மூக்குத்தி இருந்தால் டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். வெள்ளி அரைஞாண், தாயத்து, ஹேர்பின், ஜாக்கெட் கொக்கி, ஜரிகைப் புடவை, காது கேட்கும் மெஷின் எல்லாம் வெளியே. பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையைக் கொண்டுபோக வேண்டும், எம்.ஆர்.ஐ.க்கு ஒத்துவரும் வகையா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வீட்டு ஆண்களுக்கும் ஒன்று: லேத், வெல்டிங், கிரைண்டிங் பட்டறையில் வேலை பார்த்து எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் விழுந்திருந்தால், பழைய கதையானாலும் சொல்லியே ஆகவேண்டும். அந்தத் துணுக்கு உள்ளே அசைந்தால் கண்ணே போகும்.

முப்பது வருஷமாக மீன் கூடை சுமக்கிறேன். எனக்குத் தசைப் பயிற்சி தேவையா? (எழுதியவர்: மகன்)
கடலூர் முதுநகர்

அம்மாவின் காலும் முதுகும் நம் எல்லோரையும்விடத் திடமாக இருக்கும், அவருக்கு ஜிம் பாடம் எடுக்க நான் யார்? நான் கேட்பது வேறு, கூடையில் இருக்கும் மீனில் அம்மாவின் தட்டுக்கு எவ்வளவு வருகிறது? விற்றது போக மிஞ்சிய நாலு நெத்திலியும் பிள்ளைகளுக்கு, தனக்குக் குழம்பும் சோறும். நிறைய வீட்டில் இதுதான் நடக்கிறது. நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் ஆறேழு, ஒரு இட்லியில் இரண்டு இருந்தால் அதிகம். ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்கள் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமாவது, கொஞ்சம் கூட இருந்தாலும் நல்லது, தினமும் சாப்பிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

எடை குறைக்கும் ஊசி போடுகிறேன், ஐந்து மாதத்தில் 11 கிலோ போய்விட்டது. சதையும் போகுமாமே?
வாசகர், லாஸ்பேட்டை

போகும். எந்த வழியில் எடை குறைந்தாலும் கொழுப்போடு கொஞ்சம் சதையும் போகத்தான் செய்யும், ஊசியில் பசியே எடுக்காததால் புரதமும் உள்ளே போகாமல் நஷ்டம் கூடுகிறது. உங்கள் கேஸில் தொடை எம்.ஆர்.ஐ.யை அசட்டையாகத் தள்ளமாட்டேன், இந்த மருந்துகளின் ஆய்வுகளிலேயே அப்படி அளந்து பார்க்கிறார்கள். ஆனாலும் வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியை இதுவரை ஆரம்பிக்கவில்லை என்றால், ஸ்கேன் காசில் அதை ஆரம்பியுங்கள்.

என் ஸ்கேனை ஏ.ஐ. கம்பெனி வைத்துக்கொள்ளுமா?
பெயர் வேண்டாம், புதுச்சேரி

கையெழுத்துப் போடும் தாளில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. 'என் படத்தை உங்கள் மென்பொருளைப் பழக்கப் பயன்படுத்துவீர்களா' என்று நேராகவே கேளுங்கள். நானாக இருந்தால் பெயரை எடுத்துவிட்டுப் பயன்படுத்தச் சம்மதிப்பேன், நம் ஊர்க் கால்கள் அந்த வரிசையில் நின்றால்தான் நெய்வேலிக்காரருக்குச் சரியான வயது சொல்லும். அது என் இஷ்டம், உங்களுடையது வேறாக இருக்கலாம்.

அத்தைக்கு 84. காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வந்ததிலிருந்து கட்டிலை விட்டு எழவே பயப்படுகிறார். 'இந்த வயசுல இனிமே என்ன' என்கிறார்கள் வீட்டில். ஸ்கேன் ஏதாவது எடுத்துப் பார்க்கலாமா?
வாசகி, பாகூர்

ஸ்கேனில் என்ன வரும் என்று நானே சொல்கிறேன்: சதை வற்றியிருக்கிறது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த வயதானவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள் அமெரிக்காவில், 2007-இல் வெளிவந்தது. காலில் மட்டும் ஒரு கிலோவை ஒட்டிச் சதை போயிருந்தது, நோயே இல்லாதவர்களுக்கு. நான் அத்தையைவிட முப்பது வயது சின்னவன், எனக்கே இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெங்கு வந்து பன்னிரண்டு நாள் படுத்து எழுந்தபோது மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோருக்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட 'கட்டிலில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குங்கள்' என்று சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

'இனிமே என்ன' என்று சொல்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களுக்கு வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. சி.டி. ஸ்கேன் போட்டுத் தொடையையும் அளந்தார்கள், தசை கூடியது வெறும் 9 சதவீதம். படத்தில் ஒன்பது, காலில் நூற்று எழுபத்து நாலு! தசைக்கு நரம்பு கட்டளை கொடுக்கும் விதம் முதலில் சரியாகிறது, சதை பின்னால் மெதுவாக வந்து சேர்கிறது. அதனால் அத்தைக்கு முதல் மாதம் தொடையைப் பார்த்து ஏமாறாதீர்கள், எத்தனை தடவை எழுந்தார் என்பதை எண்ணுங்கள்.

டாக்டரிடம் இதயம், ரத்த அழுத்தம் சரி என்று கேட்டுக்கொண்டு நாளைக்கே ஆரம்பிக்கலாம். முதல் வாரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டுவது. அப்புறம் உயரமான இடத்திலிருந்து எழுவது, திண்ணை இருந்தால் திண்ணை, இல்லாவிட்டால் நாற்காலியில் இரண்டு தலையணை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு நாலைந்து தடவை. எளிதானதும் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போகும்.